குழியில் தேங்கிய தண்ணீர்

கடைமடைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டினால் போதும், வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கவே மாட்டார்கள். மடையை வெட்டிவிட்டுத்தான் மறுவேலை. மன்னார்குடிக்குத் தெற்கே கடைசி வாய்க்காலை நம்பி வாழும் அம்சவல்லியும் அப்படித்தான். அந்தப் பழக்கம்தான் இந்த வருஷம் அவளைக் கவிழ்த்தது.

அவளுக்கு இருப்பது ஒரு வயல், இரண்டு மாடு. சுற்றிலும் வயல்கள் இறால் குட்டைகளாகிவிட்டன. அங்கிருந்து உப்பு ஊறி ஊறி, போன வருஷம் இவள் பயிரும் மஞ்சளடித்துப் போனது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் செழியன் பொங்கலுக்கு வந்தபோது, "அடுத்த சம்பாவும் போச்சுன்னா குட்டைக்கு விட்டுடலாம்மா. நீயும் எங்கூட வந்துடு" என்று முடிவாகச் சொல்லிவிட்டான். அவள் தலையாட்டினாள். மறுநாளே கொட்டகையில் மாட்டுக்கு விரித்த வைக்கோலை, சாணியும் மூத்திரமுமாக வாரி எருக்குழியில் சேர்க்க ஆரம்பித்தாள். மக்கிய எருவை நிறையப் போட்டால் மண் திரும்பிவிடும் என்று நம்பினாள். வேறு எதைத்தான் நம்புவாள், பாவம்?

கோடையில் குழி காய்ந்து கிடந்தது. கிளறினால் தூசி பறந்தது. வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக் கனிமொழி எட்டிப் பார்த்தாள்.

"ஈரமில்லாம எப்படிக்கா மக்கும்? தண்ணி தெளிங்க. ஒரு பிடி அள்ளிப் பிழிஞ்சா உள்ளங்கை நனையணும், ஒழுகக் கூடாது."

அம்சவல்லியும் குடத்தில் சுமந்து தெளித்துத்தான் வந்தாள். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் புத்தி மாறிவிட்டது. மகராசி, கரையை வெட்டிக் குழிக்கே திருப்பிவிட்டாள்! அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

களிமண் குழி அந்தத் தண்ணீரை விடவே இல்லை. ஆவணியில் தெருவே மூக்கைப் பொத்தியது. கடப்பாரையை உள்ளே இறக்கி எடுத்துத் தொட்டால் சில்லென்றிருந்தது. நன்றாக மக்குகிற எரு சுடும். இது காற்றில்லாமல் அழுகிக்கொண்டிருந்தது.

"என் கையாலயே கெடுத்துட்டேனே!" என்று குழிக்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுதா ஆச்சா? மேட்டுல வாரிப் போட்டுக் காஞ்ச வைக்கோலக் கலந்து விடுங்கக்கா. காத்து பூந்தா சூடு ஏறும்" என்றாள் கனிமொழி.

காய்ந்த வைக்கோல் இருந்தது. மழைக்காலத்துக்கு மாடுகளுக்கென்று வைத்திருந்த போர் அது. அம்சவல்லி இடுப்பளவு நாற்றத்தில் இறங்கிக் கூடை கூடையாக மேட்டில் ஏற்றினாள். போரைப் பிடுங்கிப் பிடுங்கிக் கலந்தாள். செவலைப் பசு கழுத்தை நீட்டி ஒரு வாய் கவ்வியது, அதையும் உருவிக்கொண்டாள். பாதிப் போர் காலியானது.

புரட்டாசியில் ஒருநாள் காலை கடப்பாரை சுட்டது.

"கனி! சுடுதுடி, இங்க வந்து பாரேன்!"

இன்னும் கொஞ்ச நாள் இந்தச் சூடு நின்றால் நடவுக்கு எரு தயாராகிவிடும். ஆனால் மதியமே வானம் கறுத்தது. வீட்டில் இருந்தது ஒரே தார்ப்பாய், அது மீதிப் போரை மூடியிருந்தது. எரு மறுபடி நனைந்தால் வயல் இறால் குட்டையாகும். போர் நனைந்தால் மழைக்காலம் முழுக்க மாடுகள் பட்டினி. முதல் தூறல் விழும்வரை இரண்டுக்கும் நடுவே நின்றாள்.

பிறகு தார்ப்பாயை உருவி எருவின்மேல் இழுத்துப் போட்டு, சுற்றிலும் கல்லை வைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. போர் அவள் கண்ணெதிரே கறுத்து அமுங்கியது.

கொட்டகைக்கு ஓடிச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஒன் வாயில மண்ணப் போட்டுட்டேன்டி" என்று விம்மினாள். செவலை அவள் கையை நக்கியது. கையில் வைக்கோல் வாசனை இருந்திருக்கும்.