உம் கொட்டும் உறுப்பினர்

முள்ளுக்குறிச்சியில் என் அப்பாவின், எங்கள் பேச்சில் அத்தாவின், மிளகு மண்டிக்குக் கணினி வந்த புதிதில், கொல்லிமலைக்காரர்களுக்கும் அடிவாரத்துக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கினேன். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். மழை, மிளகு, ஊர்க்கதை, எதையும் எழுதலாம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுவோம். நாட்டாமை நான். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். நாட்டாமைக்கு அது வேண்டியதுதான் என்பது என் கட்சி.

குழுவின் உயிர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவர். இப்போது பம்பாயில் மகன் வீட்டில் இருந்தார். அங்கே பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. பகலெல்லாம் வாய் மூடியே கிடக்க வேண்டும். அதனால் எங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார், வளைவுக்கு ஒரு கதை. அவருக்கு இருந்த பேச்சுத்துணை நாங்கள்தான்.

மலைமேல் ஆலத்தூர் நாடு என்று சொல்லும் ஊர்ப்பகுதியிலிருந்து ஒரு விவசாயி சந்தை நாளில் மண்டிக்கு வருவார். மிளகு மூட்டையை இறக்கியதும் கணினி முன் உட்கார்ந்து, வந்திருக்கும் கடிதங்களை நிதானமாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை விரலால் பதில் தட்டுவார்: 'உம்'. அவ்வளவுதான். கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும் என்பது அவர் வளர்ந்த முறை.

சந்தை நாள் சாயங்காலம் எல்லோருடைய பெட்டியும் உம் உம் என்று நிறையும். போன் லைனில் ஒரு கடிதம் இறங்குவதற்குள் டீ ஆறிவிடும் காலம் அது. கடைசியில் டிரைவரே கொதித்து எனக்கு எழுதினார்: "நாலு வார்த்த எழுத முடியாதவருக்குக் குழு எதுக்குங்க?"

எனக்கும் அதே எரிச்சல்தான். அடுத்த சந்தையன்று விவசாயியிடம், "ஏனுங்கண்ணா, எழுதறதுன்னா நாலு வரி எழுதுங்க. இல்லீன்னா படிச்சாப் போதுங்க" என்றேன்.

"செரி கண்ணு" என்றார். முகத்தில் வருத்தமே இல்லை. படித்தார், எழுந்தார், பஸ் ஏறப் போய்விட்டார்.

பெட்டி துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாயிற்று. எனக்கு ஒரே பெருமை. ஆனால் டிரைவரின் கடிதங்கள் வாரத்துக்கு வாரம் தேய்ந்தன. ஒரு கதையில், எதிரே லோடு லாரி வர, பஸ்ஸை வளைவின் விளிம்பில் நிறுத்திப் பாதியிலேயே விட்டுவிட்டார். அதன்பின் கடிதமே இல்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்து போன் செய்தேன்.

"நல்லாத்தான் இருக்கறனுங்க. எழுதத்தான் தோண மாட்டேங்குது. வெறும் செவுத்துகிட்டப் பேசற மாதிரி இருக்குது" என்றார். அவர் குரலைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அவர் எழுதியதைப் படித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த சந்தையன்று விவசாயி திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏங் கண்ணு, அந்த பஸ் என்னாச்சு? போன சந்தையிலிருந்து அங்கயே நிக்குதே."

"நீங்களே அவரக் கேளுங்கண்ணா. உங்க வழக்கப்படியே கேளுங்க" என்றேன்.

ஒற்றை விரல் நீண்டது. உம்.

மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால் டிரைவரிடமிருந்து நீளமான கடிதம். யார் யாரைப் பற்றிப் புகார் செய்தார் என்பதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது. முதல் வரியைப் படித்துச் சிரித்தேன், கண்ணும் கலங்கியது.

"எங்க சாமி போயிட்டீங்க இத்தன நாளா? பஸ்ஸ வளைவுல நிறுத்திப்போட்டு உங்களுக்காகத்தான் நிக்கறனுங்க."