அடித்தவள் எழுதிய புத்தகம்

வேலையையும் வீட்டையும் பெண்கள் நிம்மதியாக நடத்துவது எப்படி என்று நான் ஒரு புத்தகம் எழுதியிருந்தேன். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் மாதம் ஒருமுறை பெண்களுக்கு வகுப்பும் எடுத்தேன். எனக்கு முழுநேர ஆபீஸ் வேலை. தோ பாயோவில் வீடு, கணவர், எட்டு வயது மகன். எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று வகுப்பில் கேட்பார்கள். நேரத்தைத் திட்டமிடுகிறேன் என்பேன். வீட்டில் ஒரு பணிப்பெண் இருக்கிறாள் என்பதைச் சொல்லமாட்டேன்.

அவள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வந்த அன்று, "மேடம்லாம் வேணாம், அக்கான்னே கூப்பிடு" என்றேன்.

மூன்றாவது மாதம் முதல் அடி விழுந்தது. மகன் வீட்டுப்பாட நோட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தான். மீட்டிங்கில் இருந்தபோது ஆசிரியை போன் செய்தார். மாலை வந்ததும் நேராக அவளிடம் போனேன். துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நோட்ட ஏன் பையில வைக்கல?"

"வச்சிட்டேன்னு தம்பிதான் சொல்லுச்சு அக்கா."

கன்னத்தில் அறைந்தேன். இஸ்திரிப் பெட்டி சரிந்தது. அதைப் பிடித்து நிமிர்த்தி, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கன்னத்தைத் தொட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன், பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரம்தான் இரண்டாவது புத்தகத்தில் கோபத்தைப் பற்றிய அத்தியாயம் எழுதினேன். பெண்கள் கோபத்தை மூச்சோடு வெளியே விட வேண்டும் என்று அதில் இருந்தது.

பிறகு அடிப்பது சுலபமாகிவிட்டது. சாம்பாரில் உப்புக் கூடினால் தலையில் குட்டு. பதில் பேசினால் கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று. ஆபீஸில் மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்தெடுத்த நாட்களில் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் மேல்கையைக் கிள்ளினேன், சட்டைக் கை மறைக்கும் இடமாகப் பார்த்து. நிதானம் இழந்துவிட்டேன் என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். நிதானம் இழந்தவள் இடம் பார்த்துக் கிள்ளமாட்டாள்.

கணவருக்குத் தெரியும். ஹாலில் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வடை சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் வடிய, சாப்பாட்டு மேசையிலிருந்த தாள்களை எடுத்துத் தட்டில் விரித்திருந்தாள். அவை இரண்டாவது புத்தகத்தின் மெய்ப்புத் தாள்கள். ஒரு வாரமாகக் கையால் திருத்தியவை. சிவப்பு மை எண்ணெயில் கரைந்து வடைகளில் ஏறியிருந்தது.

தலைமுடியைப் பிடித்து இழுத்து, அலமாரிக் கதவில் அவள் நெற்றியை மோதினேன். இரண்டு முறை. இரண்டாவது முறை கைப்பிடியின் முனை புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மூன்றாவது முறைக்கு இழுத்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. நினைத்திருந்தால் முதல் நாளே என்னைத் தடுத்திருக்கலாம்.

"அக்கான்னு கூப்பிடச் சொன்னீங்க. அதனாலதான் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டேன்" என்றாள்.

என் கையை விட்டாள். அடுப்பை அணைத்தாள். வீட்டுச் செருப்போடு வெளியே போனாள். லிஃப்ட் பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மா தன் துண்டை அவள் நெற்றியில் அழுத்தியபடி கீழே கூட்டிப்போனதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"அவ வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிடலாம் லா. யார் பாத்தா?" என்றார் கணவர்.

அறை வாசலில் நின்ற மகன், "நான் பாத்தேன்" என்றான். "அம்மா எப்பவும் அடிப்பாங்க."

ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்தது. நான் மறுக்கவில்லை. அது நேர்மை இல்லை. மகன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அவள் புருவத்தில் தையல் போட்டார்கள். வழக்கு முடியும்வரை ஒரு காப்பகத்தில் இருந்தாள். நீதிமன்றத்தில் அவள் பக்கமே நான் திரும்பவில்லை. சில வாரங்கள் சிறையில் இருந்தேன். வேலை போனது. பதிப்பாளர் இரண்டாவது புத்தகத்தை நிறுத்திவிட்டார், முதல் புத்தகத்தையும் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். அவளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் காப்பகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. செம்பவாங்கில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே போகவில்லை. போக எனக்கு உரிமையில்லை.

இப்போது வாரம் ஒருமுறை ஆலோசனைக்குப் போகிறேன். முதல் நாள் ஆலோசகர் அம்மா என்ன நடந்தது என்று கேட்டார்.

"கோவத்துல கை பட்டுடுச்சு" என்றேன்.

"கை தானா படாதுங்க. யாரு அடிச்சது?"

மேலாளரைப் பற்றிச் சொன்னேன். தூக்கமில்லாததைச் சொன்னேன். கணவர் எதிலும் உதவாததைச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

நான் அடித்தேன் என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது.