பத்தாவது பிள்ளை

ஆந்திரத்துப் புத்தூர்க் கடையில் என் மகளுக்குத் தெலுங்குப் புத்தகம் வாங்கிப் பிரித்ததும் எழுந்த பசை வாசனை, நாராயணவனத்தில் நாங்கள் பத்துப் பேர் படித்த தமிழ் வகுப்புக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அரைச்சுவருக்கு அப்பால் தெலுங்குப் பாடம் ஓங்கி ஒலிக்க, இப்பால் நானும் பக்கத்தில் உட்காரும் வசந்தாவும் இன்னும் உரக்கத் தமிழ் வாசிப்போம்.

ஒருநாள் என்னைத் தெலுங்கு வகுப்புக்கு மாற்றச் சொல்லி நைனா வந்தார்.

"பத்துப் பேர் இருந்தாதான் வகுப்பு, அண்ணா. இவளும் போய்ட்டா மூடிடுவாங்க," என்றார் டீச்சர்.

"நான் இன்னாம்மா பண்றது? உத்தியோகத்துக்குத் தெலுகுதான கேக்கறாங்க," என்றார் நைனா, தலை நிமிராமல்.

நான் மாறினேன்; அடுத்த மாதமே தமிழ் வகுப்பை மூடினார்கள். தெலுங்கு வகுப்பில் வாயே திறக்காத வசந்தா, பிறகு பள்ளிக்கே வரவில்லை. இப்போது தறிக்கூலிக்குப் போகிறாள். எதிரே வந்தால், நான்தான் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.