பொட்டு வைத்த வண்டி நாய்கள்

பல் டாக்டருக்காகக் காத்திருக்கும்போது நியாயமாகப் பல்லைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். போன வாரம் செமாபோக் பல் ஆஸ்பத்திரியில் நான் நாய்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் கண்ணுக்கெட்டிய தூரம் பனி. பத்துப் பன்னிரண்டு நாய்கள் ஒரு சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடின. பாதத்துக்குக் குட்டிக் குட்டிக் காலுறை வேறு. வண்டிக்காரர் நடுவழியில் நிறுத்தி, முன்னால் நின்ற நாயின் நெஞ்சுப் பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டு, இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான், நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண் "ரொம்ப வலிக்குதா, பாட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலும் வண்டி இழுக்கிற நாய்கள் இருந்தன என்று சொல்லியிருந்தால், வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருப்பாள்.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் சிரித்தாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சிரிப்பீர்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். அப்பா மாட்டு வண்டிக்காரர், ஆற்றங்கரைக் கிடங்குகளிலிருந்து கடைகளுக்குச் சரக்கு ஏற்றியவர். ஜப்பான்காரன் வந்த சில மாதத்திலேயே இரண்டு மாடுகளையும் பட்டாளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கயிறுகளை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு நடந்து வந்தார். இரண்டு நாள் வெறும் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. அழுதாரா என்று கேட்காதீர்கள், அழுதார்.

அரிசி எப்போதோ மறைந்துவிட்டது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். இன்றைக்கும் கிழங்கு வேகிற வாசனையும் நனைந்த சாக்கு வாசனையும் ஒன்றாக வந்தால் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். குருபோங் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் கிழங்கு போட்டிருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் அங்கிருந்து மூட்டையைத் தலையில் சுமந்து வருவார்கள். போக வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் படுத்துவிட்டால் அடுப்பும் படுத்துவிடும். இதற்கு நடுவில், ஊரைவிட்டுப் போன பக்கத்துக் கடைச் சீனர் விட்டுச்சென்ற இரண்டு நாய்கள் எங்கள் கொட்டகையில் குடியேறின. கறுப்பு நாய்க்கு ஹித்தாம் என்று மலாய்ப் பெயர், அதற்கும் கறுப்பு என்றுதான் அர்த்தம். செவலைப் பெட்டைக்கு ராணி என்று நான் வைத்தேன். ராணிக்கு எண்ணக்கூடிய அளவில் விலா எலும்பு. என் பங்குக் கிழங்கில் பாதி அவற்றுக்குப் போனது. அம்மாவின் பங்கிலும் போனது என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் அப்பா, மனுசனுக்கே இல்லாத நேரத்தில் இரண்டு சும்மா வாய்க்கு எங்கே போவது, விரட்டிவிடு என்றார்.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, குமாஸ்தா வேலை போய், ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். பூகோளப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்திருக்கிறாராம். வடகோடியில் ஏதோ ஒரு தேசத்தில் மாடும் கிடையாதாம் புல்லும் கிடையாதாம், நாய்தான் வண்டி இழுக்குமாம். வழி தவறி உணவு தீர்ந்துபோனால், எசமானும் நாயும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு பனிக்குள் படுத்து உயிர்பிழைக்குமாம். அப்பாவுக்குப் பனியும் தெரியாது, பூகோளமும் தெரியாது. ஆனால் வண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

பழைய சைக்கிள் சக்கரம் இரண்டு கிடைத்தது. டயர் இல்லாததால் கயிற்றைச் சுற்றினார்கள். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அப்பா ஒரு காரியம் செய்தார் பாருங்கள். பரம்பரை மாட்டு வண்டிக்காரர் அல்லவா, ரம்புத்தான் மரத்தில் அழகாக ஒரு குட்டி நுகத்தடி செதுக்கினார். இழைத்து, எண்ணெய்கூடத் தடவி, நாய்களின் கழுத்தில் வைத்துப் பூட்டி, "ஹேய், ஹேய்" என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். மாட்டுக்குத் திமில் இருக்கிறது, நாய்க்கு எங்கே இருக்கிறது? நுகம் தொண்டைக்கு நழுவியது. ராணி இருமிக்கொண்டே படுத்துவிட்டது. ஹித்தாம் ஒருபக்க நுகத்தைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. படத்தில் எப்படிக் கட்டியிருந்தது என்று அப்பா கேட்டார். சித்தப்பாவுக்குப் பனி மட்டும்தான் ஞாபகம் இருந்தது. இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா ஒரு கோணிச் சாக்கைக் கிழித்து, உள்ளே பழைய சேலைத் துணி வைத்துத் தைத்து, நெஞ்சோடு சேர்த்து ஒரு பட்டை கட்டினாள். கழுத்தை விடுங்கள், நெஞ்சு இழுக்கட்டும் என்றாள். வண்டி நகர்ந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். அன்றிலிருந்து குருபோங் கிழங்கு நாய் வண்டியில்தான் வந்தது. சாலையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் தலையில் மூட்டை இருந்தது, எங்கள் தலையில் இல்லை. அப்பா நாய்களுக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிட்டார்.

அடுத்த மாட்டுப் பொங்கல் வந்தது. முதல் நாளே அம்மா நாய்களைக் குளிப்பாட்டச் சொன்னாள். அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நாய்க்குப் போயா மாட்டுப் பொங்கல்?"

"வண்டிய இழுக்குறது யாரு? நீங்களா?"

அப்பா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனார். ஹித்தாமுக்கும் ராணிக்கும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, செம்பருத்தி மாலை போட்டோம். அரிசிக்குப் பதில் கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பாலில் பொங்கினாள் அம்மா. அன்றைக்கு வண்டி பூட்டக்கூடாது, அது வழக்கம். மாட்டுக்கு உள்ள லீவு நாய்க்கும் உண்டு. ஆனால் வெளியே விடாதே, கட்டியே வை என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். சொந்தக்காரன் இல்லாத நாய்களைப் பிடித்துச் சுடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. நான் மகா புத்திசாலி. லீவு நாளில் கட்டிப்போட்டால் அது என்ன லீவு என்று அவிழ்த்துவிட்டேன்.

லாரிச் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் புறவாசல் வழியாக ஓடுவார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனதும் லாரிதான். அன்றைக்கு வந்த லாரியில் நாய்கள் இருந்தன. நான் சாலைக்கு ஓடியபோது ஒரு சிப்பாய் ஹித்தாமின் கழுத்தில் சுருக்குக் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். மாலை பிய்ந்து தரையில் கிடந்தது. ராணி ஓடிவந்து என் காலுக்கு நடுவில் பதுங்கியது.

ஒளிந்திருந்த அப்பா வெளியே வந்துவிட்டார். அவரையே லாரியில் ஏற்றியிருக்கலாம். குட்டி வண்டியை இழுத்துக்கொண்டு, தோளில் நெஞ்சுப் பட்டையோடு ஓடிவந்து இடுப்பு வளையக் குனிந்தார். பின்னாலேயே சித்தப்பா. அத்தனை மாதம் ஜப்பான் மொழி படித்தவருக்கு அந்த நேரத்தில் காலை வணக்கம் மட்டும்தான் வந்தது. மாலை நேரத்தில் அதை மூன்று தடவை சொன்னார். சிப்பாய் பட்டையையும் வண்டியையும் பார்த்தான்.

"கெர்ஜா?" என்று மலாயில் கேட்டான். வேலை செய்யுமா என்று கேட்கிறான்.

அப்பா தலையாட்டினார். பூட்டிக் காட்டு என்று சைகை காட்டினான். அன்றைக்குப் பூட்டக்கூடாதே என்று அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பூட்டுங்க. பாவம்னா என் தலையில வரட்டும்" என்றாள் அம்மா.

அப்பா பூட்டத் தொடங்கியதும், சிப்பாய் அவர் கையைத் தட்டிவிட்டு மண்டியிட்டான். நாயின் தோள்பட்டையில் அம்மா போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, வாரைக் கொஞ்சம் கீழே இறக்கி, வேறு மாதிரி முடிந்தான். பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். மேலேயிருந்து ஏதோ உதிர்வதுபோல விரல்களை அசைத்து, "யுகி" என்றான். சித்தப்பாவுக்கு அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. "பனிங்கிறான், அண்ணே. இவன் ஊருல பனி பெய்யும் போல." என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார்கள், பாரம் வேண்டுமே. ஹித்தாமும் ராணியும் நெஞ்சைக் கொடுத்து இழுத்தன. வண்டி முன்னைவிட லேசாகப் போனது. சிப்பாய் சுருக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, சிரிக்காமல் லாரியில் ஏறினான். அப்பாடா என்று தெருவோடு மூச்சு விட்டோம். லாரியில் இருந்த மற்ற நாய்களை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவற்றுக்கு வண்டி இல்லை.

அவிழ்த்துவிட்டது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரியும். திட்டவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து, அப்பா மறுபடியும் மாடு வாங்கினார். அப்போதும் மாட்டுப் பொங்கலுக்கு முதல் பொட்டு நாய்களுக்குத்தான், மாடுகள் காத்திருந்தன. அந்தச் சிப்பாய் போட்ட முடிச்சை அம்மா கடைசிவரை அவிழ்க்கவில்லை. பட்டை கொட்டகை ஆணியில் தொங்கியது. இப்போது கொட்டகையும் இல்லை, ஆணியும் இல்லை, அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். காஜா பெராங் சாலையில் மாட்டு வண்டி போனதைப் பார்த்தவர்களே விரல்விட்டு எண்ணும்படிதான் இருப்பார்கள்.

முதலில் ராணி போனது. ஹித்தாம் பல்லெல்லாம் விழுந்து, குழைத்துப் போட்ட அரிசிச் சோற்றை வயிறு நிறையத் தின்றுவிட்டு, கொட்டகை வைக்கோலில் படுத்தபடி தூக்கத்தில் போய்விட்டது. சொந்த இடத்தில், பசி இல்லாமல். எங்கள் தெருவிலிருந்து லாரியில் ஏறி சயாமுக்குப் போன மனிதர்களுக்கு அது கிடைக்கவில்லை.