‘போகவிடுகிறோம்’ என்றார்கள்

இந்த நாட்டில் மேலதிகாரி தன் கையாலேயே தேநீர் போட்டுக் கொண்டுவந்து தந்தால் எனக்குப் பயம் வருகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். லண்டனில் துணி இறக்குமதி செய்யும் ஒரு கந்தோரில் நான் தட்டச்சு வேலை செய்கிறேன். இரண்டாவது பிள்ளைப்பேற்று லீவு முடிந்து போன முதல் நாள், மிஸஸ் கார்ட்டர் என் மேசையில் தேநீரை வைத்துவிட்டு, “அவசரப்படாதே, மெல்ல மெல்லப் பழகிக்கொள்” என்றார். நான்கு வருடத்தில் அவர் எனக்குத் தேநீர் தந்தது அதுதான் முதல் தடவை. நன்றி சொன்னேன். குடிக்கவில்லை.

இந்த அன்பை நான் முன்பே கண்டிருக்கிறேன். என் ஊரான புளியங்கூடலில் இருந்து பஸ்ஸில் போய் ஊர்காவற்றுறையில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பன் பதியும் கிளாக்காக இருந்த காலம். மூத்தவள் பிறந்து வேலைக்குத் திரும்பிய அன்று மனேச்சர் எழும்பி நின்று வரவேற்றார்.

“என்ன பிள்ளை, பச்சை உடம்போடை வந்திட்டீர்? வேலை எங்கை ஓடிப்போகுது? இன்னும் ஒரு மாசம் நிண்டிட்டு ஆறுதலா வாரும்.”

கண் கலங்க வீட்டுக்குத் திரும்பினேன். இப்படியும் நல்ல மனிதரா என்று அம்மாவிடமும் தங்கையிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது, எனக்குப் பதிலாக உதவிக்கு வந்திருந்த, சங்கத் தலைவரின் பெறாமகள், அவர் தம்பியின் மகள், என் கதிரையில் அசையாமல் இருந்தாள். மனேச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “குறை நினையாதையும். சங்கத்துக்கு இனி ஒரு கிளாக் காணுமாம், ரெண்டு பேர் தேவையில்லையாம். கமிற்றி முடிவு, என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது.” நான் “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

ஆகவே லண்டனில் விழித்திருந்தேன். நான் இல்லாத மாதங்களில் என் வேலையைப் பார்த்தவள் மொரீன் என்ற ஐரிஷ்காரப் பெண். லீவு முடிந்து நான் வந்த பிறகும் அவள் போகவில்லை. நான் உள்ளே வந்தால் தொலைபேசியை வைத்துவிடுவாள். என் மேசை லாச்சிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டிருந்தது. மார்பில் பால் கட்டி நெருப்பாகக் கொதிக்கும். கழிவறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வரக்கூடக் கதிரையை விட்டு எழும்ப மனமில்லை. சட்டை நனைய, கோட்டை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்தேன். “உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்,” என்றார் என் கணவர். “அந்தச் சனம் அப்பிடித்தான், நல்லாக் கதைக்குங்கள்.” நல்லாகக் கதைப்பதுதானே என் பயம்!

மூன்றாம் வெள்ளிக்கிழமை மிஸஸ் கார்ட்டர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “வருந்துகிறேன், வீ ஹாவ் டு லெட் யூ கோ” என்றார். போகவிடுகிறார்களாம். பிள்ளைக்காக நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். “பரவாயில்லை, பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்க்கிறாள். ஐந்து மணிவரை நிற்பேன்” என்றேன். அவர் முகம் சிவந்தது. இவ்வளவு சந்தேகத்தோடு காத்திருந்தவள், அந்த வார்த்தை வந்தபோது அதை அடையாளம் காணவில்லை.

கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டு நின்ற மொரீன் என் கையைப் பிடித்தாள். “உனக்கு வேலை போய்விட்டது. ‘லெட் யூ கோ’ என்றால் அர்த்தம் அதுதான்.” கொஞ்சம் நின்று, “திங்கட்கிழமை முதல் உன் இடத்தை எனக்குத் தருகிறார்கள். இரண்டு வாரமாகத் தெரியும். அக்காவிடம்தான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன், உனக்குச் சொல்வதா விடுவதா என்று” என்றாள்.

திரும்பிப் போய் மிஸஸ் கார்ட்டரின் கதவைத் தட்டினேன். “வேலை இல்லையா, நான் வேண்டாமா?”

“அந்த வேலையே இனி இல்லை,” என்றார் மிஸஸ் கார்ட்டர். “நீ ரிடண்டன்ட்.”

“அப்படியானால் திங்கட்கிழமை மொரீன் என்ன செய்வாள்?”

என் பின்னால் நின்ற மொரீன்தான் பதில் சொன்னாள். “அதே வேலையைத்தான் செய்யச் சொன்னீர்கள். யார் கேட்டாலும் சொல்லுவேன்.”

பிள்ளைப்பேற்று லீவில் போனவளின் வேலையைப் பறித்து இன்னொருத்திக்குக் கொடுப்பது இந்த நாட்டில் சட்டத்துக்கு மாறாம். அடுத்த கிழமை கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: தவறு நடந்துவிட்டதாம், என் வேலை என்னுடையதுதானாம். மொரீனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். வேறு இடம் கிடைக்கும் என்று தோளைக் குலுக்கினாள். அவளைச் சந்தேகித்ததை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

பழைய மேசைக்கே திரும்பினேன். புதிதாக ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் கை தானாகவே புளியங்கூடல் என்று எழுதிவிட்டது. அதை வெட்டாமல், மேலே லண்டன் வீட்டிலக்கத்தை நெருக்கி எழுதினேன். மிஸஸ் கார்ட்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கீழே உள்ள இந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?”

“நான்” என்று சொல்லிவிட்டேன். பிறகு, “என் தங்கை” என்று திருத்தினேன்.