அப்பாவுக்கும் மாஸ்டருக்கும் நடுவில்

ஸ்டூடியோவில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடியோ வெட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் வருத்தம்தான். "வெட்டுறதுக்கு யார் வேணா வருவாங்க. ஒட்டத் தெரியணும்," என்பாள். ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குகிற இடத்தில் பார்க்கிறவர் கண் இடறக் கூடாது. அந்த ஓர் இடத்துக்காகச் சாப்பாட்டையே மறந்து உட்கார்ந்திருப்பாள். முதலாளி இதில் நேர் எதிர்க்கட்சி. அவருக்குத் திரையில் படம் பெட்டி போலச் சுற்ற வேண்டும். மாப்பிள்ளை பெட்டியின் ஒரு பக்கமாகச் சுழன்று போனால், மறுபக்கத்தில் பெண் சுழன்று வர வேண்டும். "ஜனங்க அதுக்குத்தாம்மா காசு குடுக்கறாங்க," என்பார். இருவரும் வருஷக்கணக்காக இதே சண்டையைப் போட்டு, ஒருவரை ஒருவர் மாற்ற முடியாமல், சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொழில் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. எதிராளி பேசி முடிப்பதற்குள் இவள் தொடங்கிவிடுவாள். "ஏண்டி, நான் முடிக்கட்டுமே," என்று அம்மா சொன்னால், "இது ஓவர்லாப்மா. உன் வாலும் என் தலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாத்தான் பேச்சு வழுக்கிக்கிட்டுப் போகும்," என்பாள். இப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் இருப்பதற்குப் பொறுமை வேண்டும். அம்மாவிடம் அது இருந்தது, தீரும்வரை.

தீர்ந்த அன்று அம்மா காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப் போய், டிரைவிங் ஸ்கூலில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற வயதில்.

"எதுக்குமா உனக்கு இந்த வேல?"

"எங்கயாவது போகணும்னா உன்னக் கெஞ்சணும். நீ அந்தப் பெட்டி முன்னாடியிருந்து எழுந்து வர மாட்ட. நானே போய்க்கறேன்."

போனாள். முதல் வாரமே ஸ்கூல் வாசல் கேட்டை இடித்து நெளித்தாள். சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் இறங்கிப் போய், கேட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "கேட்டு கொஞ்சம் முன்னாடி நின்னுருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணல," என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாத்திரம் கழுவும்போது சிரித்தாள். விளக்கை அணைத்த பிறகும் அடுத்த கட்டிலில் களுக்கென்று ஒரு சத்தம். அம்மா மாஸ்டரிடம் விழுந்தாயிற்று என்று மகளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் அம்மா வகுப்புக்குப் போனாள். லைசென்ஸ் வாங்கினவள் எந்த ஊரில் வகுப்புக்குப் போவாள், நீங்களே சொல்லுங்கள்.

மாஸ்டர் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. முறையாகக் கேட்க வேண்டும் என்று ஒருநாள் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இண்டிகேட்டர் போட்டார், ஓரமாக நிறுத்தினார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், கண்ணாடியில் பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார். "உங்க அம்மாவக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்." அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். "மகளுக்கு முந்தி அம்மாவுக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் வைத்திருந்த பதில் ஒன்றுதான். "அவளுக்கு லைசென்ஸ் இருக்கு, போறா. எனக்கு இல்ல."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாமா ஒருவரைத் தவிர. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கெட்டவர் இல்லை. காலமான அப்பாவின் மேல் உயிரையே வைத்திருந்தவர், அதுதான் சிக்கல். அத்தான் போன துக்கத்தில் அம்மாகூட ஒரு கட்டத்தில் எழுந்து நடமாடினாள். மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாணச் சேதி சொன்னதும், "வர்றேன்கா. ஆனா அத்தான ஓரங்கட்டுற மாதிரி ஏதாவது ஒண்ணு நடந்தா எழுந்து போயிடுவேன். அப்புறம் என்னச் சொல்லக் கூடாது," என்றார்.

அம்மா போனை வைத்துவிட்டு மகளிடம் சொன்னாள். "அவன் எழுந்து போனா நானும் எழுந்துருவேன். கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

சிரிப்பே இல்லாமல் சொன்னாள். மகள் உடனே லேப்டாப்பைத் திறந்தாள். ஏனென்றால், ஹாலில் கையெழுத்து வாங்கப் பதிவாளர் வருவதற்கு முன் திரையில் போட ஒரு வீடியோ பண்ணித் தருவதாக அவள் ஏற்கெனவே வாய் விட்டிருந்தாள். அம்மாவின் வாழ்க்கைதான் வீடியோ. சின்ன வயசுப் படம், அப்பா, மகள், கார், மாஸ்டர். அப்பா முடிந்து மாஸ்டர் வருகிற இடம் ஒன்று அதில் இருந்தே தீரும். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கண் இடறாமல் ஒட்டிக்கொடுத்தவளுக்கு, சொந்த அம்மாவின் கல்யாணத்தில் வந்து நின்றது பாருங்கள் அந்த இடம்.

அப்பாவின் துண்டு பழைய டேப்பிலிருந்து எடுத்தது. குளக்கரையில் ஒரு பெஞ்சு, பெஞ்சின் நடுவில் அப்பா, கேமராவைப் பார்த்து மீசைக்குள் ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு கேமரா ஆடத் தொடங்கிவிடும் என்பதால், சிரிப்போடு வெட்டி வைத்திருந்தாள். மாஸ்டரின் துண்டு அம்மா போனில் எடுத்தது. டிரைவிங் ஸ்கூல் வாசல் பெஞ்சில் கையில் டீயோடு உட்கார்ந்து அவர் எதற்கோ சிரிக்கிறார். இரண்டும் நல்ல துண்டுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வினை.

வெறுமனே வெட்டிச் சேர்த்தாள். அப்பா இருக்கிறார், டக்கென்று மாஸ்டர். அப்பாவை யாரோ எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. தள்ளிக்கொண்டு வருகிற டிரான்சிஷனைப் போட்டாள். மாஸ்டர் ஓரத்திலிருந்து வந்து அப்பாவை இடித்து வெளியே தள்ளினார். பக்கம் புரள்கிற மாதிரி போட்டாள். அப்பா பாய் போலச் சுருண்டுகொண்டு மூலைக்குப் போனார். முதலாளி எட்டிப் பார்த்து, "நம்ம பெட்டியப் போடும்மா," என்றார். போட்டாள். அப்பா சுழன்று போக, மாஸ்டர் டீ சிந்தாமல் சுழன்று வந்தார். முதலாளிக்கே பொறுக்கவில்லை. "எடுத்துரு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கடைசியில் ஒன்று கரைந்து மற்றொன்றாக ஆவதைப் போட்டுப் பார்த்தாள். அப்பாவின் முகம் கரைந்தது, மீசை மட்டும் போவேனா என்று நின்றது. மாஸ்டரின் மழமழ முகத்தில் அது ஒரு கணம் உட்கார்ந்து அவரை யோசிக்க வைப்பது போல் இருந்து, பிறகுதான் போயிற்று. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என்றால் அவளுக்கும் உயிர்தானே. அவரைத் திரையிலிருந்து எடுக்கிற வேலை இந்தக் கைக்கா வர வேண்டும் என்று இருந்தது.

ஆனது ஆகட்டும் என்று நடுவில் கறுப்பை வைத்தாள். அப்பா மெல்ல மங்கிப் போவார், சற்று நேரம் ஒன்றும் இருக்காது, பாட்டு மட்டும் ஓடும், அப்புறம் மாஸ்டர். யாரும் யாரையும் இடிக்கவில்லை. மாமா குறை சொல்ல இடமே இல்லை.

கல்யாணத்தன்று காலை வீடே தலைகால் புரியாமல் கிடந்தது. அம்மா ஒரு காதில் கம்மலும் ஒரு கையில் சீப்புமாக வந்து, லேப்டாப்பில் வீடியோவைப் பார்த்தாள். பாதியில் அவள் முகம் மாறிவிட்டது.

"அந்தக் கறுப்பு எதுக்குடி?"

"சும்மா ஒரு இடைவெளிமா. மரியாதைக்கு."

"கரண்ட் போன மாதிரி இருக்கு. உங்க அப்பா தனியா இருட்டுக்குள்ள போறாரு. அது எனக்கு வேணாம். எடுத்துரு."

வாசலில் ஹாரன் அடித்தது. மாஸ்டர் ஸ்கூல் காரையே துடைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அம்மாவுக்கு இன்னொரு கம்மல் கிடைக்கவில்லை. மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவின் துண்டை வலது நுனியில் பிடித்து இழுத்தாள், வெட்டி வைத்திருந்த வால் நீண்டது. மாஸ்டரின் துண்டை இடது நுனியில் பிடித்து இழுத்தாள், தலை நீண்டது. கறுப்பு மூடிக்கொண்டது. சரி என்று வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுக் கம்மல் தேட ஓடினாள். அதற்குள், வாங்கிப் போக வந்த முதலாளி கைக்குப் பென்டிரைவ் போய்விட்டது.

அம்மா ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் இருக்க, பின் சீட்டில் இவள். பாதி வழியில்தான் உறைத்தது. கல்யாண வேலைக்கென்று மென்பொருளில் அவள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறினால், ஏறின நீளத்துக்கு அது தானாகவே இரண்டையும் கரைத்துச் சேர்த்துவிடும். அவசரத்தில் இழுத்த இழுப்பில் இரண்டும் எவ்வளவு ஏறியதோ தெரியாது. வாலில் என்ன இருக்கிறது, தலையில் என்ன இருக்கிறது, பார்க்கவே இல்லை. பார்க்காமல் ஓர் ஒட்டைக்கூட வெளியே விடாதவள் அவள். கண் முன்னால் மீசை வந்து நின்றது.

"மாஸ்டர், கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்களேன்."

"வேகத்தடை வருது," என்றார் மாஸ்டர்.

ஹாலில் மாமா முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்கு மறுபக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்திருந்தார், யாரும் உட்காராதபடி. மாஸ்டருக்கு முன்வரிசையில் வேறு இடமில்லை. "பரவால்ல, நின்னே பழக்கம்," என்று சொல்லிச் சுவரோரமாக நின்றார். அவள் முதலாளியைத் தேடிப் பிடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

சின்ன வயசுப் படங்களுக்குச் சிரித்தார்கள். குளக்கரை வந்தது. பெஞ்சில் அப்பா. அப்பா கேமராவைப் பார்த்துச் சிரித்தார், கேமரா ஆடத் தொடங்கியது. அவள் முதலாளியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடுகிற படத்துக்குள் அப்பா என்னவோ சொன்னார், உதடு மட்டும் அசைந்தது. பிறகு பெஞ்சின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, காலியான இடத்தை உள்ளங்கையால் தட்டினார். தட்டிய இடத்தில் ஓர் உருவம் தெரிந்தது. மாஸ்டர், கையில் டீயோடு, பக்கவாட்டிலிருந்து மங்கலாக வந்து, பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்தார். ஒரே பெஞ்சில் இருவரும் இருந்தார்கள். அப்பா சிரித்தார், மாஸ்டரும் சிரித்தார். அப்படியே இருந்து, அப்பா மெல்ல மெல்லப் போனார்.

பின்வரிசையில் யாரோ "அட" என்றார்கள். முன்வரிசையில் மாமா எழுந்தார்.

அம்மா தம்பியைப் பார்த்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு தானும் பாதி எழுந்துவிட்டாள்.

"அது நான் எடுத்தது," என்றார் மாமா. "கேமராவ நான்தான் பிடிச்சிருந்தேன். நின்னு நின்னு கால் வலிச்சுது, கை ஆடுச்சு. 'ஏண்டா நின்னுக்கிட்டே இருக்க, வந்து உக்காரு'ன்னுதான் அத்தான் நகர்ந்தாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்த மனுஷன் யாரையும் நிக்க வெச்சதே இல்லக்கா."

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். மாமா திரும்பிச் சுவரோரமாக நின்றவரைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் காலியான இடத்தை உள்ளங்கையால் தட்டினார்.

"வாங்க மாஸ்டர். எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கையால் துடைத்தார். அம்மா களுக்கென்று சிரித்தாள், மாமாவும் சிரித்துவிட்டார். இருட்டில் முதலாளி இவள் பக்கம் குனிந்து, "எந்த டிரான்சிஷன்மா அது, நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே அவர் முழங்கையை விட்டாள்.