ஒல்லாந்து மூக்கு

எங்கள் வீட்டு மூக்கைப் பற்றிப் பழவேற்காட்டில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. நடுவில் ஒரு மேடு, அங்கிருந்து வளைந்து இறங்கும் நுனி, தாராளமான இரண்டு துவாரங்கள். எங்கள் அப்பா, நைனாவுக்கு அந்த மூக்கு. எனக்கும் அதே. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த என் தங்கைக்கும் அதே அச்சு. கோட்டை கட்டி, வியாபாரம் செய்து, இங்கேயே செத்துக் கல்லறையில் படுத்திருக்கும் ஒல்லாந்துக்காரன் எவனோ எங்கள் வம்சத்தில் விட்டுப்போனது என்று ஊரில் கேலி செய்வார்கள். "ஒல்லாந்து வருது, வழி உடு" என்று டீக்கடையில் எவனாவது குரல் விடுவான். நைனா அசரமாட்டார். "ஆமாண்டா, கோட்டைய எங்க பேர்லதான் எழுதி வச்சிட்டுப் போனான். குந்திகினு கீற இடத்துக்கு வாடக குடு" என்பார். கேட்டவன் டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவான்.

எனக்கு அந்த மூக்கால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. அதோடுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. கட்டினவர் ஆரம்பத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என் மூக்கு புடிக்கலன்னா நான் ஆக்குற சோறும் உனக்குப் புடிக்காது" என்றேன். அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை. இப்போது என்னடாவென்றால் கையில் போன் வைத்திருக்கிற ஒவ்வொருத்திக்கும் தன் மூஞ்சியைப் பார்த்தால் குமட்டுகிறது. தாடையை இழு, உதட்டை ஊது, மூக்கைச் செதுக்கு என்று கிளம்பிவிடுகிறார்கள். மூஞ்சி என்ன மரப்பலகையா, இழைப்புளி போட்டு இழைக்க? உதடு பிளந்து பிறந்து பால் குடிக்க முடியாமல் தவித்த குழந்தையை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதற்குத் தையல் போட்டு வாயைக் கொடுத்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அது வைத்தியம். எவளோ ஒருத்தி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நல்ல மூக்கை உடைப்பதற்குப் பெயர் திமிர்.

என் தங்கையின் மூக்கு எங்களுக்குச் சோறு போட்ட மூக்கு. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் படகுத்துறையில் இறாலை ஏலம் எடுத்து, பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் விற்போம். ஏலம் கேட்பது நான். கேட்கலாமா வேண்டாமா என்று சொல்வது அவள். இறாலை எங்கள் ஆட்கள் கண்ணால் பார்ப்பதைவிட மூக்கால் பார்ப்பதுதான் அதிகம். கை நிறைய அள்ளி முகத்தருகே கொண்டுபோக வேண்டும். ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறிய இறாலில் வாடையே இருக்காது. ஒன்றும் வரவில்லையென்றால் நல்ல சரக்கு. லேசாக ஏதாவது வந்தால், தள்ளு. அவ்வளவுதான் கணக்கு. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாத கூடையைக்கூட என் தங்கை முகத்தைச் சுளித்துத் தள்ளிவிடுவாள். "நேத்து ஐஸ்ல கெடந்தத இன்னிக்கு எறாலோட கலந்துட்டானுங்கக்கா" என்பாள். அவள் தள்ளிய சரக்கை எடுத்தவர்கள் மத்தியானம் பொன்னேரியில் திட்டு வாங்குவார்கள். அவளுக்கு அதில் ஒரு கெத்து. எனக்கும்தான்.

அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. பையன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் பக்கம் வேலை. நைனாவுக்குத் துறைமுகம் என்ற சொல்லே ஆகாது, எங்கள் கடல் போனதே அதனால்தான் என்பார். ஆனாலும் பையன் தங்கமானவன். தங்கையும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அப்புறம் நாங்கள் என்ன சொல்ல? வில்லங்கம் அவன் அம்மாதான். ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் பிறந்து, ஏரிச் சேற்றில் வளர்ந்தவள். பொன்னேரியில் மாடி வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து படகுத்துறைப் பக்கம் வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவள் பவுசு அப்படி.

பெண் பார்க்க வந்தவள் பஜ்ஜியை ஒரு கை பார்த்தாள். காபியையும் குடித்து முடித்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. அந்த மூக்கு ஒண்ணுதான்... தப்பா நெனச்சுக்காத. மெட்ராஸ்ல இப்போ அத்த ஷோக்கா சரி பண்றாங்களாம். செலவு நாங்களே பாத்துக்கிறோம். போட்டோல நாலு பேரு பாப்பாங்க இல்ல?"

"உங்க புள்ளைக்குக் காதுகூடத்தான் முறம் மாதிரி கீது. அத்தயும் சேத்து வெட்டிட்டு வந்துடலாமா?" என்றேன்.

நைனா உள்ளேயிருந்து இருமினார். அந்த அம்மாள் சிரித்தே சமாளித்தாள். கெட்டிக்காரி. போகும்போது என் தங்கையின் கன்னத்தைத் தடவி, "எதுக்கும் யோசிச்சு வை கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். விஷத்தை இவ்வளவு இனிமையாக வைக்க அவளால்தான் முடியும்.

இதற்கு நடுவில் மகளிர் குழுக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தாள். பருத்திப் புடவை, பெரிய பொட்டு, கழுத்தில் மண்ணால் செய்த மணி. எங்களையெல்லாம் வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, "உங்க உடம்பை அப்படியே ஏத்துக்கோங்க. கண்ணாடி முன்னால நின்னு, நான் அழகுன்னு தினமும் சொல்லுங்க" என்றாள். நண்டு கடித்து விரல் வீங்கிய பெண்கள், உப்பில் குதிகால் வெடித்த பெண்கள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நெளிந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏத்துக்கிறதுன்னா இன்னாம்மா? மூக்கு இன்னா கூரியர்லயா வந்துச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்க? பொறக்கும்போதே அது மூஞ்சிலதான் இருந்துச்சு" என்றேன். அந்த அம்மா என் கோபத்தையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு ஒல்லாந்துக் கல்லறை வாசலில் செதுக்கி வைத்திருக்கும் எலும்புக்கூடுகளோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செல்பிக்கு முன்னால் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்யத் தவறவில்லை. வெட்டச் சொல்பவளும் வேண்டாம், கொஞ்சச் சொல்பவளும் வேண்டாம். உடம்பை வைத்து வேலை செய்யத் தெரியாதவர்களுக்குத்தான் அதைப் பற்றி இத்தனை பேச்சு.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லித் தங்கையைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஆசதான்க்கா" என்றாள். "அவங்க சொன்னதுக்காக மட்டும் இல்ல. பொன்னேரி ஸ்கூல்ல என்னக் கிளின்னுதான் கூப்ட்டாங்க. ஒரு போட்டோல கூட நான் நேராப் பாத்து நின்னது இல்ல. உனக்குத் தெரியுமா அது?"

எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன? ஆத்திரம்தான் வந்தது. "எவனோ கிளின்னா நீ கிளியா? அந்த மூக்கு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கத்தினேன். நைனா மட்டும், "வெட்டிட்டா அப்பால மோந்து பாக்க வருமானு கேட்டுக்கோ" என்றார். அதைத்தான் நானும் கேட்கவேண்டும் என்று துணைக்குப் போனேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு, குளிர், எங்கு பார்த்தாலும் ஒரே மூக்கு வைத்த வெள்ளைப் பெண்களின் படங்கள். அத்தனை பேரும் ஒரே கடையில் வாங்கியது போல இருந்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் என் தங்கையின் முகத்தைப் போட்டு மூக்கைத் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கிக் காட்டினார். என் தங்கை அந்தப் படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "வாசன தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன். "வீக்கம் இருக்கிறவரைக்கும் அடைச்ச மாதிரி இருக்கும். அப்புறம் சரியாயிடும்" என்றார். "தெரியாமலே போய்ட்டா?" என்றேன். "ரொம்ப அபூர்வம்மா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தையும் ஒரு பார்வை பார்த்து, "நீங்களும் பண்ணிக்கலாமே" என்றார். துணைக்கு வந்தவளையும் விடாத வியாபாரம்! எங்கள் படகுத்துறையில்கூட இப்படி ஆள் பிடிக்கமாட்டார்கள்.

மூக்கு நன்றாகத்தான் வந்தது. நான் பொய் சொல்லமாட்டேன். கட்டுப் பிரித்து, வீக்கம் வடிந்தபோது கண்ணாடியைப் பார்த்து என் தங்கை அழுதாள், சந்தோஷத்தில். எனக்குத்தான் யாரோ வீட்டுப் பெண் வந்து எங்கள் அடுப்பங்கரையில் நிற்பது போல இருந்தது. வெயில் ஆகாது, தூசி ஆகாது என்று படகுத்துறைப் பக்கமே அவள் வரவில்லை. கல்யாணம் முடிந்தது. போட்டோவில் நேராகப் பார்த்து நின்றாள். மாமியார்க்காரி ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள், ஏதோ அவளே பெற்ற மூக்கு மாதிரி.

பொன்னேரியிலிருந்து தங்கை போன் பண்ணினாள். "இந்த வீட்டுல ஒரு வாடையும் கெடையாதுக்கா. அவ்ளோ சுத்தம்" என்றாள். பணக்காரத் தளுக்கு இவளுக்கும் ஒட்டிக்கொண்டதே என்று எரிந்துவிழுந்து போனை வைத்தேன்.

கல்யாணத்துக்குப் பின் முதல் விருந்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மீன்காரப் பெண் கையால் இறால் தொக்கு என்று மாமியார் சொந்தமெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தது. இறாலை முதல் நாளே வாங்கி, உரித்து, பிரிட்ஜில் வைத்திருந்தார்கள். இடையில் கரண்ட் போனதை யாரும் கவனிக்கவில்லை. தலையும் ஓடும் இல்லாத இறாலில் கண்ணுக்கு என்ன தெரியும்? என் தங்கை எங்கள் ஆட்கள் வழக்கப்படி கை நிறைய அள்ளினாள், மோந்தாள். ஒன்றும் வரவில்லை. நல்ல சரக்கு என்று வாணலியில் போட்டாள்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மசாலா வாசனையையும் மீறி எனக்கு அந்த வாடை அடித்துவிட்டது. உள்ளே ஓடினேன். அதற்குள் பரிமாறியாகிவிட்டது. மாமியார் ஒரு வாய் வைத்து, இலையிலேயே துப்பினாள்.

"அய்ய! இன்னாம்மா இது, நாறுது! மீன்காரப் பொண்ணுக்கு நாத்தம் கூடவா தெரியாது?"

என் தங்கை சட்டியைக் கையில் எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். திரும்பத் திரும்ப மூச்சை இழுத்தாள். பிறகு அடுப்பு மேடையிலிருந்த பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்தாள். மண்ணெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து மோந்தாள். வீடு சுத்தம் என்று அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு ஒண்ணுமே வரலக்கா" என்றாள்.

மாமியாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "போட்டோவுக்கு மூக்கு கேட்டீங்களே, இந்தாங்க, போட்டோல நல்லாத்தான் கீது. எறால வேணா நீங்க மோந்து பாத்துக்கோங்க. உங்க கையில முந்தானதான் கீதே, பொத்திக்க!" அந்த அம்மாள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். டாக்டர் மறுபடியும் பார்த்தார், டார்ச் அடித்தார், காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். வரவில்லை. அபூர்வம் என்று சொன்னவருக்கு அது அபூர்வம். அவளுக்கு அதுதான் மூக்கு.

தலைப் பிரசவத்துக்குத் தங்கையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பெண் குழந்தை. கொழுகொழுவென்று, நைனா மூக்கோடு பிறந்தது. மேடு, வளைவு, துவாரம், ஒன்று பாக்கியில்லை. நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

குழந்தையைக் குளிப்பாட்டித் தருகிறேன் என்று மாமியார் வந்து இறங்கினாள். கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்தாள். நன்றாகத்தான் தேய்த்தாள், சேற்றில் வளர்ந்த கை அல்லவா. தலையை உருட்டினாள், கை காலை நீவினாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எண்ணெயில் தோய்த்து, குழந்தையின் மூக்கைப் பிடித்து அழுத்தி இழுத்தாள். குழந்தை வீறிட்டது.

"இப்போ எலும்பு எளசு. தெனமும் புடிச்சு உட்டா அமுங்கிடும். அப்பால ஆஸ்பத்திரி செலவு மிச்சம்" என்றாள், யாருக்கோ நல்லது செய்கிற குரலில்.

நான் வாயைத் திறக்கும் முன்பே என் தங்கை எழுந்து வந்தாள். பச்சை உடம்புக்காரி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாமியாரின் காலிலிருந்து எண்ணெயோடு வழுக்கும் குழந்தையை வாரியெடுத்துத் தோளில் போட்டாள். அழுகை அடங்கியதும் குழந்தையின் உச்சியில் அந்த அழகான மூக்கை வைத்து மூச்சை ஆழ இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"அக்கா, எப்படி வாசன வருது இவகிட்ட?" என்றாள்.

நான் குனிந்து மோந்தேன். "பால் வாசன வருது. எண்ண வாசன. அதுக்கு அடியில இன்னொண்ணு... அத்த எப்படிடி சொல்றது" என்றேன்.

என் தங்கை மாமியார் பக்கம் திரும்பினாள். குரல் உயரவேயில்லை.

"அத்தை, இவ மூக்குல மட்டும் கை வைக்காதீங்க. நாளைக்கு இவளுக்கு ஒண்ணு பொறந்தா, இவளாவது மோந்து பாக்கட்டும்."